ஆட்டிடம் சொன்ன சேதி

தம்பி, நீங்கள் நடுவில் உட்காருங்கள். பரவாயில்லை, என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அந்த ஓரத்தில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். இப்போது உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தாலும் வருவான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் இருப்பது நல்லது. பத்துப் பதினோரு வருஷமாக அப்படித்தான் பழக்கம்.

நீங்களும் அந்தப் பணத்துக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? வேலை போனவர்களுக்குச் சர்க்கார் கொஞ்ச மாதம் கொடுக்கிற பணம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எந்தக் கம்பெனி? மில்லா? மூடிவிட்டார்களா? அப்படியானால் உங்களுக்குக் கவலையில்லை. கேட்டில் பூட்டுத் தொங்கும். ஊரே பார்த்திருக்கும். ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போகலாம். என் சமாச்சாரம் அப்படியில்லை. எனக்கு வேலை போய்விட்டது என்பதை நானே ருசுப்பிக்க வேண்டுமாம். வேலையைப் பறித்தவனை ஒருத்தரும் கேட்பதில்லை. பறிகொடுத்தவன் ருசுப்பிக்க வேண்டும்.

என் பெயர் திருமூர்த்தி. மோட்டார் பம்பு கம்பெனியில் பெயின்ட் செக்‌ஷன். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவன் நான். இந்த ஜில்லாவில் எத்தனை தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிற பம்பு என் கை பட்டது தெரியுமா? அந்தப் பச்சைக் கலர், அது என் கலர். படிப்பு இல்லை. நாலாவதோடு சரி. ஆனால் கை சுத்தம்.

யாரையும் வாயால் போ என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் பெரிய முதலாளியின் கொள்கை. பாவம் என்பார். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஆயுதபூசை அன்றைக்கு மிஷினையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து முடித்ததும் பெரியவர் நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்தில் பொரிப் பை அடுக்கியிருக்கும். ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். துண்டுச் சீட்டெல்லாம் கிடையாது, எல்லாம் மனப்பாடம். கூப்பிட்டவன் போய் வாங்கிக்கொள்வான். கூப்பிடாதவன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான். ஒரு வருஷம் ராக்கியண்ணனைக் கூப்பிடவில்லை. செம்புக் கம்பி விற்றான் என்று பேச்சு. கடைசிப் பை வரைக்கும் நின்று பார்த்தான். பிறகு குழாயில் கை கழுவிவிட்டு நடந்துவிட்டான். நாங்கள் எல்லோரும் பொரி தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என்ன கேட்பது? அதுதான் அங்கே வழக்கம்.

பெரியவர் போன ஆடியில் காலமாகிவிட்டார். இப்போது மகன். சின்னவர் என்போம். வெளிநாட்டில் படித்தவர். இந்த வருஷம் அவர்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா?

"எல்லாரும் வரிசையா வந்து வாங்கிக்கங்க."

வரிசையாக! நான் என்ன ரேஷன் கடைக்கா போயிருக்கிறேன்? என்னைவிட நேற்று வந்தவனெல்லாம் முண்டியடித்துக்கொண்டு போய் நின்றான். வரிசைக்கு முன்னால் யார் என்று நினைக்கிறீர்கள்? சென்னியப்பன். உள்ளே போயிருக்கிறானே, அவன்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் போய் நிற்பதா? நான் என் பெயின்ட் டிரம் பக்கத்திலேயே நின்றேன். கூப்பிடட்டும் என்று நின்றேன். பெரியவர் எத்தனை வருஷம் என் பேரை இரண்டாவதாகக் கூப்பிட்டிருக்கிறார்! சின்னவர் என்னை நிமிர்ந்து பார்த்தார் தம்பி. பார்த்துச் சிரித்து, தலையைக்கூட ஆட்டினார். ஆனால் கூப்பிடவில்லை. பார்க்காமல் விட்டிருந்தால் மறந்துவிட்டார் என்று சொல்லலாம். பார்த்துவிட்டுக் கூப்பிடவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

டிபன் கேரியரை எடுத்தேன். குழாயில் கை கழுவினேன். நடந்துவிட்டேன். பின்னால் யாரோ "அண்ணா, பொரி வாங்கலீங்களா?" என்று கத்தினார்கள். கேலி. நான் திரும்பவில்லை.

போனசா? அதை முதல் நாளே பேங்கில் போட்டுவிட்டார்கள். அனுப்பப்போகிறவனுக்குக் கணக்கு முடிக்க மாட்டார்களா?

சென்னியப்பனைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. அவன் டெஸ்டிங் செக்‌ஷன். பம்பை ஓட்டிப் பார்த்துச் சரி என்று விடுகிறவன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே கேரியரில் சாப்பிட்டவர்கள். என் வீட்டுப் பருப்பு, அவன் வீட்டுக் கொள்ளு ரசம். அண்ணா, அண்ணா என்று பின்னாலேயே வருவான். ஒரு நாள் பெரியவர் வெளியூர் வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். சென்னியப்பன் ஒரு பம்பைத் திருப்பி வைத்து, "இங்க பாருங்க, பெயின்ட்டுல கட்டைவிரல் ரேகை" என்றான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அதோடு விட்டானா? "அண்ணா, விரலைக் கொண்டாங்க, சேருதான்னு பார்க்கலாம்" என்று என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். சேர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். "கம்பெனி முத்திரையை விட உங்க முத்திரை பெருசா இருக்குதே திருமூர்த்தி" என்றார். வியாபாரிகள் அந்தப் பம்பையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

சின்ன விஷயம் என்கிறீர்களா? ராமாத்தாளும் அதைத்தான் சொல்வாள். ராமாத்தாள் என் சம்சாரம். உங்கள் கையைப் பிடித்து யாரும் வைக்கவில்லை, அதனால் சொல்கிறீர்கள்.

அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தினேன். அந்தத் தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வந்தான். கதவைச் சாத்தினேன். அடுத்த வருஷமும் வந்தான். அப்புறம் அவனும் பழகிக்கொண்டான். கம்பெனியில் வேலை நடக்க வேண்டுமே? அதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும். "தனபாலு, பெயின்ட் காயலைன்னு அவருகிட்டச் சொல்லு" என்பான் அவன். நான் பக்கத்திலேயே நிற்பேன். "தனபாலு, காத்து இல்லைன்னா நான் ஊதியா காய வைக்கறது, கேட்டுச் சொல்லு" என்பேன். தனபாலன் லேத்தில் வேலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். அவன் வாயே திறக்க வேண்டியதில்லை. ஓர் ஆள் நடுவில் நின்றால் போதும். மரியாதை கெடாது.

ஆயுதபூசை அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் சத்தம் கேட்டது. ராமாத்தாள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சென்னியப்பன் நிற்கிறான். கையில் பொரிப் பை. தெருவில் ஈ, காக்காய் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் வெள்ளாடு மட்டும் எங்கள் கேட்டில் கட்டியிருந்தது. அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். நடுவில் ஓர் ஆள் வேண்டுமே? கடைசியில் அந்த ஆட்டைப் பார்த்து ஆரம்பித்தான்.

"ஏ ஆடு, உள்ள இருக்கறவருகிட்டச் சொல்லு. ஒரு பை மிச்சமாயிருச்சு, யாரு வாங்கலைன்னு சின்னவரு கேட்டாரு. திருமூர்த்தியண்ணனுதுன்னு சொன்னதும், கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கன்னு என்கிட்டக் குடுத்தாரு. நாளன்னிக்கு வேலைக்கு வந்துரச் சொல்லு. பெரிய ஆர்டர் இருக்குதாம்."

பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

சிரிக்காதீர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆட்டிடம் சொல்கிறான் தம்பி! ஆடும் நானும் ஒன்றா? வேலைக்கு வரச் சொல்வதென்றால் சின்னவர் வந்து சொல்ல வேண்டும், இல்லை மனுசனை விட்டுச் சொல்ல வேண்டும். அதுவும் அந்தப் பையைச் சின்னவர் கொடுத்தாரா, இவன் தன் பையைக் கொண்டுவந்து பிச்சை போட்டானா, யாருக்குத் தெரியும்? வெளியே போய்ப் பையை அவிழ்த்து ஆட்டுக்கு முன்னாலேயே கொட்டினேன். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாவற்றையும் அது தின்றது. யாரிடம் சொன்னானோ அது தின்னட்டும்.

அப்புறம் கம்பெனி நம்பரிலிருந்து போன் வந்தது. ராமாத்தாள் எடுக்கப் போனாள், கையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் வந்தது. அனுப்பினவனை எதற்குக் கூப்பிடுவார்கள்? மிச்சம் மீதி திட்டுவதற்கு. அவள் அழுதாள். "ஒரு எட்டு போயி என்னன்னு கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். கேட்பதா? ராக்கியண்ணன் கேட்டானா? திருடன் என்று பேர் வாங்கினவனுக்கே அவ்வளவு ரோசம் இருந்தது.

ஆனால் ரோசத்தை உலையில் போட முடியாது. அது எனக்கும் தெரியும். அறுபதை நெருங்குகிற பெயின்டரை எவன் சேர்ப்பான்? இரண்டு கம்பெனியில் கேட்டேன். ஒருத்தன் என் கையைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தான். வீட்டுக்காரர் வாடகைக்குத் தை பிறக்கிற வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருக்கிறார். ராமாத்தாள் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பணம் வந்தால்தான் தை மாதம் அந்த வீட்டில் இருப்போம். இல்லாவிட்டால் மகள் வீடு. மருமகன் வாயில் விழுவதைவிட இந்த பெஞ்சில் நாலு நாள் உட்காரலாம்.

ஆகவே எழுதிப்போட்டேன். இங்கே ஒரு அம்மா இருக்கிறார், அவர்தான் ஆபீசர். தங்கமானவர். ஆனால் நம் கம்பெனி வழக்கம் அவருக்குப் புரியவில்லை.

"கம்பெனி உங்களை அனுப்பிச்சதுக்கு என்ன ஆதாரம் ஐயா?" என்றார்.

"பொரி குடுக்கலீங்க" என்றேன்.

"என்னது?"

"ஆயுதபூசைக்குப் பொரி குடுக்கலீங்கம்மா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கும்தான் யாரும் குடுக்கலை. நான் வேலைக்கு வந்துட்டுத்தானே இருக்கேன்?"

பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் என்ன பதில் கொடுத்தார்கள் தெரியுமா? நாங்கள் அனுப்பவில்லை, அவராகத்தான் வருவதில்லை, எப்போது வந்தாலும் சேர்த்துக்கொள்கிறோம் என்று! தானாக நின்றவனுக்கு இந்தப் பணம் கிடையாதாம். எப்படி மடக்குகிறார்கள் பாருங்கள்.

அம்மா சொன்னார், "பேசாமப் போயிருங்களேன் ஐயா. இதைவிட முழுச் சம்பளமே வருமே."

"கூப்பிட்டாப் போகலாமுங்க."

"இதுதான் கூப்பிடறது."

"இது உங்களுக்குச் சொன்னதுங்க. எனக்கு யாரும் சொல்லலீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தலைவலிக்காரர் போலிருக்கிறது. பிறகு, அங்கே வேலை பார்க்கிறவர்களில், அன்றைக்குக் கண்ணால் பார்த்த ஒருத்தராவது வந்து, இவரை அனுப்பிவிட்டார்கள் என்று தன் முன்னால் சொல்லட்டும் என்றார். கம்பெனி மேனேஜரையும் வரச் சொல்கிறேன் என்றார். அது இன்றைக்குத்தான்.

ஒவ்வொருத்தனாகப் போய்க் கேட்டேன். தனபாலன் வீட்டுக்குப் போனால் அவன், "அண்ணா, உங்களை யாருமே போகச் சொல்லலையே. நீங்க பாட்டுக்குக் கையக் கழுவிட்டுப் போனீங்க" என்றான். அவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள். வைண்டிங் செக்‌ஷன் சரசாளைக் கேட்டேன். "எனக்கு ரெண்டு பிள்ளைகளைக் கரையேத்தோணுமுங்கண்ணா" என்று கும்பிட்டாள். எத்தனை வருஷப் பழக்கம்! ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

காலையில் நான் தனியாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சென்னியப்பன் வந்து அந்த ஓரத்தில் உட்காருகிறான். நான் கூப்பிடவில்லை. ராமாத்தாள் வேலையாகத்தான் இருக்கும். வந்தவன் சுவரைப் பார்த்து, "சாட்சி சொல்லத்தான் வந்தேன்" என்றான். சுவரைப் பார்த்து! எதற்கு வந்திருப்பான் சொல்லுங்கள். உள்ளே போய், பொரியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சொல்லி என்னைக் கவிழ்க்கத்தான். அன்றைக்கு விரலைப் பிடித்து வைத்தவன் இன்றைக்குச் சும்மா இருப்பானா?

இருங்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள். பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுகிறேன்.

...

தண்ணீர் இருக்கிறதா தம்பி? கொடுங்கள்.

ஆகிவிட்டது. பணம் வருமாம். அம்மா எழுதிவிட்டார். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். உங்களுக்கே அருவருப்பாக இருக்கும்.

மேனேஜர் நாற்காலியில் இருக்கிறார். இவன் நின்றுகொண்டிருக்கிறான். அம்மா கேட்கிறார், "அன்னிக்கு இவருக்குப் பொரி குடுத்தாங்களா இல்லையா?"

"குடுக்கலீங்க. எங்க கம்பெனில பொரி குடுக்கலைன்னா வேலை இல்லைன்னு அர்த்தமுங்க. பெரியவரு காலத்துல இருந்து அப்படித்தானுங்க. இது எல்லாருக்கும் தெரியுமுங்க."

"அதே சாயங்காலம் வீட்டுக்குக் குடுத்து அனுப்பினோம்னு மேனேஜர் சொல்றாரே? உங்க கையிலதான் குடுத்தாராம்?"

இவன் மேனேஜரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு, "என் கையில யாரும் எதும் குடுக்கலீங்க" என்றான்.

"வேலைக்கு வரச் சொல்லிச் சேதி சொன்னீங்களா?"

"நான் இவருகிட்டப் பேசியே பல வருசமாச்சுங்க. ஊரையே கேளுங்க."

பார்த்தீர்களா, என்ன புளுகு! கையில் பையோடு என் வாசலில் நின்றவன் தம்பி. நான் கண்ணால் பார்த்தேன். ஆட்டிடம் அத்தனை பேசினவன். ஒரு சர்க்கார் ஆபீசர் முன்னால், இமை கொட்டாமல் பொய் சொல்கிறான். இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறவன் அன்றைக்கு ரேகை விஷயத்திலும் என்னென்ன செய்திருப்பானோ. எனக்கு அங்கே நிற்கவே கூசியது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட வாய்வரைக்கும் வந்தது. ராமாத்தாளின் மாத்திரை ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

அம்மா முத்திரை வாங்க அடுத்த ரூமுக்குப் போனார். அவர் கதவைத் தாண்டினதும் மேனேஜர் எழுந்தார். இவனிடம் வந்து, "சின்னவரு உன்னைப் பெரிய யோக்கியன்னு நெனச்சுட்டிருக்காரு. நாளையிலிருந்து கேட்டுக்குள்ள வராதே. வெளியில யாராச்சும் கேட்டா நீயா நின்னுட்டேன்னு நாங்க சொல்லிக்கறோம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு நன்றாகக் கேட்டது.

அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? நான் இவனைவிட மூத்தவன். எனக்குப் பொரி கொடுக்காமல், பேர் சொல்லிக் கூப்பிடாமல், பூனை மாதிரி அனுப்பினார்கள். இவனுக்கு மட்டும் மேனேஜரே எழுந்து வந்து, முகத்துக்கு நேராக, வாயால் சொல்கிறார். எப்போதும் இவனுக்குத்தான் முதல் மரியாதை.

அதோ வருகிறான். நகராதீர்கள். அப்படியே உட்காருங்கள்.

...

கேட்டீர்களா? உங்களைப் பார்த்துத்தானே சொன்னான்? "ஏனுங்க தம்பி, மேனேஜரு சொன்னதை அவரும் காதால கேட்டாரு. அப்ப ரூமுக்குள்ள வேற யாரும் இல்லீங்க. இந்தப் பணத்துக்கு நானும் எழுதிப் போடலாமுன்னு இருக்கறேன். அந்தம்மா முன்னால வந்து கேட்டதைச் சொல்லுவாரான்னு அவருகிட்டக் கேளுங்க." இதைத்தானே சொன்னான்?

அதற்கு நீங்கள் ஏன் என் முகத்தைப் பார்க்கிறீர்கள்? அவன் கேட்டது உங்களை. நீங்கள் பதில் சொல்லுங்கள். எனக்குக் காது இருக்கிறது, பேர் இருக்கிறது. எத்தனை வருஷம் அண்ணா என்று கூப்பிட்ட வாய்தானே அது? கூப்பிட்டுக் கேட்கட்டும். கேட்டால் நான் சொல்வேனா மாட்டேனா என்பது அப்புறம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆமாம், என் வேலை முடிந்துவிட்டதுதான். காந்திபுரம் பஸ் இரண்டு போய்விட்டது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கால் மரத்துப்போயிருக்கிறது. அதனால் உட்கார்ந்திருக்கிறேன். வேறொன்றுமில்லை.

என்ன, உங்கள் பேரா? உங்களைத்தான் கூப்பிடுகிறார்களா? இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் தம்பி, எப்போதும் மூன்று தடவை கூப்பிடுவார்கள். கொஞ்சம் பொறுத்துப் போகலாம். எழுந்திருக்காதீர்கள். நீங்கள் எழுந்து போய்விட்டால் இந்த பெஞ்சில் அவனும் நானும்தான் இருப்போம்.